மூன்று அங்குலப் பாதம்

பெண்களின் உடை, அணி பற்றிப் பேச்சு வந்தால் பெரியவர்களிடமிருந்து வழக்கமாக வரும் ஒரு கேள்வி உண்டு. "அவ்வளவு வலிக்கிறது என்றால் எதற்காகப் போட வேண்டும்? கழற்றி வைத்துவிட வேண்டியதுதானே!" குதி உயர்ந்த செருப்பில் தடுமாறி நடக்கும் பெண்ணைப் பார்த்தும் இதைக் கேட்கிறோம். இறுக்கமான உடையில் மூச்சுத் திணறும் பெண்ணைப் பார்த்தும் கேட்கிறோம். பெண்கள் என்றாலே அலங்கார மோகம்தான் என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். கேள்வி நியாயமானதுபோலத் தோன்றும். ஆனால், கழற்றி வைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை அது விசாரிப்பதே இல்லை.

கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் பிலிப்பைன்ஸ் நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள பெரிய கடைகளில் விற்பனைப் பெண்கள் பல மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிறார்கள். ஹைஹீல்ஸ் அணிந்துதான் நிற்க வேண்டும் என்பது பல கடைகளில் விதியாக இருந்தது. தொழிற்சங்கத்தினர் குரல் எழுப்பிய பின், 2017ஆம் ஆண்டு அந்நாட்டுத் தொழிலாளர் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. உயர்ந்த குதி கொண்ட காலணியைக் கட்டாயமாக்கக் கூடாது, குதியின் உயரம் ஓர் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்றது அந்த ஆணை.

இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு இறுதியில் நிக்கோலா தோர்ப் என்ற பெண், ஓர் அலுவலகத்தில் வரவேற்பாளர் வேலைக்குத் தட்டையான காலணியுடன் சென்றார். 2 முதல் 4 அங்குல ஹீல்ஸ் வேண்டும் என்றார்கள். அவர் மறுக்கவே, சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய மனுவில் 1,50,000க்கும் அதிகமானோர் கையெழுத்திட, 2017 மார்ச்சில் நாடாளுமன்றம் அதைப் பற்றி விவாதித்தது. ஜப்பானில் 2019ஆம் ஆண்டு யூமி இஷிகாவா என்ற பெண், ஈமச்சடங்கு நிலையத்தில் வேலை பார்த்தபோது ஹீல்ஸ் அணிய வேண்டியிருந்ததைப் பற்றி இணையத்தில் எழுதினார். ஜப்பானிய மொழியில் காலணிக்கு 'குட்சு', வலிக்கு 'குட்சூ' என்பார்கள். அந்தச் சிலேடையே அவருடைய இயக்கத்துக்குப் பெயரானது. 18,000க்கும் அதிகமான கையெழுத்துகளோடு மனு அரசிடம் போனது. அப்போதைய தொழிலாளர் அமைச்சரோ, வேலைக்குத் தேவை என்று சமூகம் ஏற்றுக்கொண்ட அளவுக்குள் இருந்தால் அது சரிதான் என்ற பொருளில் பதில் சொன்னார்.

'சமூகம் ஏற்றுக்கொண்டது'. இந்தச் சொற்களுக்குள் எவ்வளவு வலி ஒளிந்திருக்க முடியும் என்பதை அறிய வேண்டுமானால், சீன நாட்டில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் நீடித்த ஒரு வழக்கத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். காலுக்கு ஏற்றபடி காலணி செய்யாமல், காலணிக்கு ஏற்றபடி காலையே செய்துகொண்ட கதை அது.

தாயின் கையில் துணி

சிறுமிக்கு ஐந்து அல்லது ஆறு வயது ஆகும். சில வீடுகளில் நான்கிலேயே தொடங்கிவிடுவார்கள். எலும்பு முற்றுவதற்கு முன் செய்தாக வேண்டும். குளிரில் கால் மரத்துப்போய் வலி சற்றுக் குறைவாகத் தெரியும் என்பதால் பெரும்பாலும் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். வெந்நீரில் பாதத்தை ஊறவைத்து, நகங்களை ஒட்ட வெட்டி, படிகாரம் தூவுவார்கள். பிறகு கட்டை விரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களையும் உள்ளங்காலுக்கு அடியில் மடித்து வைத்து, ஏறக்குறைய பத்து அடி நீளமும் இரண்டு அங்குல அகலமும் உள்ள துணியால் இறுக்கிச் சுற்றுவார்கள். குழந்தை தானாக அவிழ்த்துவிடாதபடி துணியைத் தைத்தும் விடுவார்கள்.

அத்துடன் முடிவதில்லை. கட்டிய காலோடு அந்தச் சிறுமி நடக்க வேண்டும். அவளுடைய உடல் எடையே விரல்களை உடைத்து, பாதத்தின் வளைவை நொறுக்கும். சில நாள்களுக்கு ஒருமுறை அவிழ்த்துக் கழுவி, முன்பைவிட இறுக்கமாகக் கட்டுவார்கள். காலணியும் படிப்படியாகச் சிறிதாகும். இரண்டு ஆண்டுகளில் குதிகாலும் பாதத்தின் முன்பகுதியும் ஒன்றையொன்று நெருங்கி, நடுவில் ஓர் ஆழமான பள்ளம் விழும். சீன அளவில் மூன்று அங்குலம், அதாவது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் இருந்தால் அதற்குத் 'தங்கத் தாமரை' என்று பெயர். சதை அழுகுவதும், விரல் கழன்று விழுவதும், குருதியில் நஞ்சேறிக் குழந்தை இறந்துபோவதும் உண்டு. ஒரு ஜோடிச் சிறு பாதத்துக்கு ஒரு தொட்டிக் கண்ணீர் என்று சீனர்களே பழமொழி சொன்னார்கள்.

இதைச் செய்தவர் யார்? பெரும்பாலும் பெற்ற தாய். இல்லையென்றால் பாட்டி. தன் காலில் அந்த வலியை அனுபவித்தவள்தான், தன் மகளின் காலிலும் கட்டினாள். அவளைக் கொடுமைக்காரி என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. கட்டாமல் விட்டால் மகளுக்கு என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும்.

கால்கட்டு

நம் தமிழில் திருமணத்தை விளையாட்டாகக் 'கால்கட்டு' என்போம். சீனாவில் அது சொல்லுக்குச் சொல் உண்மையாக இருந்தது. நம் ஊரில் பெண் பார்க்க வருபவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அங்கே தரகர் மூலம் காலணியைக் கேட்டார்கள். பெண் தன் கையால் பூவேலை செய்த சின்னஞ்சிறு காலணி மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். அதன் அளவு அவளுடைய பொறுமையைச் சொல்லும், தையல் அவளுடைய கைத்திறனைச் சொல்லும். பெரிய கால் உள்ளவள் வேலைக்காரியாகத்தான் போக வேண்டும் என்பது பேச்சு. ஆகவே மாமியாரின் கண்ணில் படப்போகும் ஒரு நாளுக்காக, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே குழந்தையின் எலும்பை உடைத்தார்கள்.

இந்த வழக்கம் எப்படித் தொடங்கியது? பத்தாம் நூற்றாண்டில் தென் தாங் அரசை ஆண்ட லீ யூ என்ற மன்னனின் அவையில், யாவ் நியாங் என்ற நடனப் பெண் பட்டுத் துணியால் பாதத்தைச் சுற்றிக்கொண்டு தங்கத்தால் செய்த தாமரை மேடையில் ஆடினாள் என்பது கதை. கதை எப்படியோ, ஃபூச்சோ நகரில் கண்டெடுக்கப்பட்ட ஹுவாங் ஷெங் என்ற இளம்பெண்ணின் கல்லறை கண்கூடான சான்று. 1243ஆம் ஆண்டு இறந்த அவருடைய பாதங்கள் துணியால் சுற்றப்பட்டிருந்தன. அரண்மனையில் தொடங்கியதைச் செல்வந்தர்கள் பின்பற்றினார்கள். செல்வந்தர் வீட்டுக்கு மகளை அனுப்ப விரும்பிய நடுத்தரக் குடும்பங்கள் அவர்களைப் பின்பற்றின. கடைசியில் வயலிலும் தறியிலும் பாடுபட்ட ஏழைகளின் வீட்டிலும் துணிச்சுருள் வந்து சேர்ந்தது. எல்லாரும் கட்டிய பிறகு அது பெருமையும் இல்லை. கட்டாமல் இருப்பதுதான் இழிவு என்றாகிவிட்டது.

அழகு ஒன்றே காரணமா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். லாரல் பாசன், ஹில் கேட்ஸ் என்ற இரு அறிஞர்கள் சீனக் கிராமங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதிய பெண்களைப் பேட்டி கண்டு 2017ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார்கள். கால் கட்டப்பட்ட சிறுமி ஓடியாட முடியாது. ஓரிடத்தில் உட்கார்ந்து நூல் நூற்பாள், நெய்வாள். அவள் கை உழைப்பு குடும்பத்துக்கு வருமானம். பாதத்தைக் கட்டியது கையை வேலையில் கட்டிப்போடவும்தான் என்கிறார்கள் அவர்கள். ஆலை நூலும் ஆலைத் துணியும் வந்து வீட்டுக் கைத்தொழில் நொடித்தபோது இந்த வழக்கமும் தளர்ந்தது என்பது அவர்கள் முடிவு. அழகு என்று நாம் பெயர் சூட்டும் பலவற்றுக்கும் அடியில் இப்படி ஒரு கணக்கு இருக்கக்கூடும்.

சீனப் பெண்கள் எல்லாருமே கால் கட்டிக்கொள்ளவில்லை. தெற்கே வாழ்ந்த ஹக்கா இனப் பெண்கள் மலைச்சரிவிலும் வயலிலும் இயற்கையான பாதத்தோடு உழைத்தார்கள். மணமும் முடித்தார்கள், பிள்ளைகளையும் பெற்றார்கள். பக்கத்து ஊரில் கண்முன்னே சான்று இருந்தும் மற்றவர்கள் மாறவில்லை!

ஆணை வென்றதா?

கண்டித்தவர்கள் இல்லாமல் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே சே ருவோஷுய் என்ற அறிஞர், ஒரு குற்றமும் செய்யாத குழந்தைகளுக்கு இந்த வேதனை எதற்கு என்று எழுதினார். 1820களில் லீ ருசென் எழுதி வெளியான ஒரு நாவலில், பெண்கள் ஆளும் நாட்டுக்குப் போய்ச் சேரும் வணிகன் ஒருவனைப் பிடித்து, காது குத்தி, கால் கட்டி, அரண்மனைக்கு ஏற்ற 'அழகி' ஆக்குகிறார்கள். ஆண் வாசகர்கள் அதைப் படித்துச் சிரித்திருப்பார்கள். வீட்டில் துணிச்சுருள் இருந்த இடத்தில்தான் இருந்தது.

பேரரசரின் ஆணையும் செல்லவில்லை. சீனாவைக் கைப்பற்றி ஆண்ட மஞ்சு இனத்தவரிடம் இந்த வழக்கம் கிடையாது. அவர்கள் விதித்த தடை 1668ஆம் ஆண்டு திரும்பப் பெறப்பட்டது. அது மட்டுமா? மஞ்சு இனப் பெண்களே, கட்டிய காலின் அந்தத் தள்ளாடும் நடைக்கு ஆசைப்பட்டு, நடுவில் மட்டும் உயர்ந்த கட்டை வைத்த காலணி அணியத் தொடங்கினார்கள். சட்டம் போட்டவர்களின் வீட்டுப் பெண்களையே அந்தச் 'சமூக வழக்கு' இழுத்துக்கொண்டது.

மகனைப் பற்றிய உறுதிமொழி

பூட்டு திறந்தது வேறொரு சாவியால். 1870களின் நடுவில் தென்கிழக்குக் கடற்கரையிலுள்ள ஷியாமென் நகரில், ஜான் மெக்கோவன் என்ற லண்டன் மிஷன் ஊழியரும் அவர் மனைவியும் அங்குள்ள கிறிஸ்தவப் பெண்களைக் கூட்டிப் பேசினார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு சங்கம் பிறந்தது. 'இறைவன் கொடுத்த பாதம்' என்ற பொருள்படும் பெயர் அதற்கு. மறைப்பணியாளர்கள் எல்லாரும் தொடக்கம் முதலே துணிந்து நின்றார்கள் என்று சொல்ல முடியாது. நம் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காமல் போனால் யார் பொறுப்பு என்று தயங்கியவர்கள் அவர்களிலும் பலர். அந்தத் தயக்கம் அர்த்தமற்றதும் அல்ல.

அதனால்தான் இத்தகைய சங்கங்களின் உறுதிமொழி இரண்டு பகுதிகளாக அமைந்தது. "என் மகளின் காலைக் கட்ட மாட்டேன்" என்பது முதல் பகுதி. "என் மகனுக்குக் கால் கட்டிய பெண்ணை எடுக்க மாட்டேன்" என்பது இரண்டாம் பகுதி. முதலாவது மட்டும் இருந்திருந்தால் அது ஏழைத் தகப்பனின் வீர வசனமாக முடிந்திருக்கும். இரண்டாவதுதான் அந்தத் தகப்பனுக்குத் துணிவு தந்தது. தன் மகளைக் கேட்டு வரக்கூடிய குடும்பங்கள் இவை என்று அவன் விரல்விட்டு எண்ண முடிந்தது. பெண்ணைப் பெற்றவர்களிடம் மட்டும் 'மாறு, மாறு' என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், ஆண் பிள்ளையைப் பெற்றவர்களிடம் கையெழுத்துக் கேட்கப்பட்டது.

இதே வழியைச் சீனச் சீர்திருத்தவாதிகளும் மேற்கொண்டார்கள். காங் யூவெய் 1883ஆம் ஆண்டு தன் ஊர்ப்பகுதியில் இதற்கென ஒரு சங்கம் அமைக்க முயன்றார். தன் மகள்களின் காலையும் கட்டவில்லை. 1895ஆம் ஆண்டு ஷாங்காய் நகரில் அலிசியா லிட்டில் என்ற ஆங்கிலேயப் பெண்மணி இயற்கைப் பாதச் சங்கத்தைத் தொடங்கினார். 1897ஆம் ஆண்டு லியாங் சிச்சாவ் இன்னொரு சங்கம் கண்டார். ஐரோப்பியப் பெண்மணிகள் இடுப்பை எலும்புப் பட்டை வைத்த கோர்செட்டால் இறுக்கிக்கொண்டு வந்து கால் கட்டாதே என்று போதித்தபோது, உங்கள் இடுப்பை முதலில் அவிழுங்கள் என்று சீனர்கள் திருப்பிக் கேட்டதும் உண்டு. சரியான கேள்விதான்!

1902ஆம் ஆண்டு பேரரசித் தாய் சிஷி, கால் கட்டுவதைக் கைவிடும்படி ஆணை வெளியிட்டார். 1912ஆம் ஆண்டு புதிய குடியரசு தடை விதித்தது. பீஜிங்குக்குத் தெற்கே சுமார் 125 மைல் தொலைவிலுள்ள டிங்ஷியன் என்ற நாட்டுப்புறப் பகுதியில் சிட்னி கேம்பிள் என்ற அமெரிக்கர் எடுத்த கணக்கு வியப்பூட்டுவது. அங்கே 1889இல் நூற்றுக்கு 99 என்றிருந்த வழக்கம் 1899இல் 94 ஆனது. 1919இல் ஒன்றுமே இல்லை. ஆயிரம் ஆண்டு வழக்கம் அந்த இடத்தில் ஒரே தலைமுறையில் மறைந்தது. எல்லாரும் சேர்ந்து கட்டிய ஒன்றை எல்லாரும் சேர்ந்துதான் அவிழ்க்க முடியும், ஒருவர் மட்டும் முயன்றால் நட்டம்தான் என்று ஜெரி மாக்கி என்ற அறிஞர் 1996ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் விளக்கினார். தொலைவிலிருந்த உட்பகுதிகளில், குறிப்பாக யுன்னான் மாநிலத்தில், 1940கள் வரைகூடச் சிறுமிகளின் கால் கட்டப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த விற்பனைப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பிலிப்பைன்ஸ் அரசு அவளிடம் "உனக்கு வலித்தால் கழற்று" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் கழற்றியிருப்பாள், அடுத்த நாள் வேலை போயிருக்கும். ஆணை கடை முதலாளிக்குப் போனது. ஜப்பானில் பெரிய விமான நிறுவனமான ஜப்பான் ஏர்லைன்ஸ் 2020ஆம் ஆண்டு தன் பணிப்பெண்களுக்கான ஹீல்ஸ் விதியை நீக்கியபோதும், மாறியது பெண்களின் மனம் அல்ல, கேட்டவரின் விதி.

துணி அவிழ்ந்த பிறகு

சீனாவில் கட்டு ஒழிந்தது நல்ல செய்தி. ஆனால் ஏற்கெனவே கட்டப்பட்டவர்கள்? இதைப் பலர் பேசுவதில்லை. அதிகாரிகள் ஊர் ஊராகச் சோதனைக்குப் போனார்கள். அபராதம் விதித்தார்கள். சில இடங்களில் வயதான பெண்களின் காலை ஊரார் முன்னிலையில் அவிழ்க்கச் செய்தார்கள். உடைந்து மடிந்து ஒட்டிப்போன எலும்பு, துணியை அவிழ்த்தால் நிமிர்ந்துவிடுமா? துணியின் பிடிப்பு இல்லாமல் நடப்பது அவர்களுக்கு இன்னும் அதிக வேதனை. பெண்கள் ஓடி ஒளிந்தார்கள். சிறு பாதம் நாட்டுக்கே அவமானம் என்று சீர்திருத்தவாதிகள் முழங்கினார்கள். அயல்நாட்டார் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்பது 1898இல் காங் யூவெய் அரசருக்கு எழுதிய மனுவிலும் ஒரு காரணம். அந்தக் கவலையில் நாட்டின் முகம் தெரிகிறது, ஆறு வயதுக் குழந்தையின் கால் அவ்வளவாகத் தெரியவில்லை. பெரிய பாதத்துக்காக ஏசிய அதே சமூகம், இப்போது சிறிய பாதத்துக்காக ஏசியது. ஏச்சு வாங்கியது இரண்டு முறையும் பெண்தான்.

புகழ்பெற்ற எழுத்தாளர் லூ ஷுனின் மனைவி ஜூ ஆன். பெரியோர் நிச்சயித்த திருமணம். மணப்பெண் காலைக் கட்டவிழ்த்துவிட்டுப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று ஜப்பானில் படித்துக்கொண்டிருந்த லூ ஷுன் சொல்லி அனுப்பினார். பெண் வீட்டார் அதைச் செய்யவில்லை. 1906ஆம் ஆண்டு திருமண நாளன்று, புதுமை விரும்பும் மணமகனுக்குப் பிடிக்க வேண்டுமே என்று, பெரிய காலணிக்குள் பஞ்சைத் திணித்து ஜூ ஆனுக்கு அணிவித்தார்களாம். பல்லக்கிலிருந்து இறங்கும்போது அந்தக் காலணி கழன்று விழுந்தது என்று சொல்கிறார்கள். லூ ஷுன் அவரோடு மனைவி என்ற முறையில் வாழவே இல்லை. பின்னர் வேறொரு பெண்ணோடு வாழ்ந்தார். ஜூ ஆன் மாமியாருக்குத் துணையாக அவரைப் பராமரித்து வாழ்ந்து, 1947ஆம் ஆண்டு இறந்தார். சிறு வயதில் மாமியார் வீட்டுக்குப் பிடிக்க வேண்டும் என்று சுருக்கப்பட்ட அவருடைய பாதம், மணவறையில் கணவனுக்குப் பிடிக்க வேண்டும் என்று பெரிதாகக் காட்டப்பட்டது. இரண்டு முறையும் அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1997ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் பீஜிங் நகரின் முதிய பெண்கள் 193 பேரைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. 80 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 38 பேருக்குக் கட்டப்பட்டதால் சிதைந்த பாதம் இருந்தது. அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் தவறி விழுந்தார்கள். குந்தி உட்காரவும், பிடிமானம் இல்லாமல் நாற்காலியிலிருந்து எழவும் சிரமப்பட்டார்கள். இடுப்பெலும்பும் வலுக்குறைந்திருந்தது.

அவர்களுக்குச் செருப்பு கிடைப்பதே பாடாக இருந்தது. குழந்தைகளின் செருப்பு நீளத்தில் சரியாக இருந்தாலும் அந்த வளைந்த பாதத்துக்குப் பொருந்தாது. அதனால் பலர் கண்பார்வை உள்ளவரை தாங்களே தைத்துப் போட்டுக்கொண்டார்கள். வடக்கே ஹார்பின் நகரில் ஒரே ஒரு தொழிற்சாலை மட்டும் இந்தப் பாட்டிகளுக்காகச் சிறு காலணிகளைத் தயாரித்துக்கொண்டிருந்தது. வாங்குவோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வர, 1999ஆம் ஆண்டு அதுவும் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது.